எண்ட்கேம் படிக்க இன்ஜினா, பலகையா?

பாளையங்கோட்டைல பிள்ளைங்களுக்கு செஸ் சொல்லிக் குடுக்கேன், வார பெத்தவங்க எல்லாரும் இதத்தான் கேக்காவ, அண்ணாச்சி, கிராண்ட்மாஸ்டர் கேம போன்ல இன்ஜின் (நல்ல மூவ் எதுன்னு கணக்குப் போட்டு சொல்லுத செஸ் புரோகிராம்) போட்டு பாக்கட்டுமா இல்ல பலகைல காய் வச்சு பாக்கணுமான்னு. 1924ல நியூயார்க்ல, அப்ப உலக சாம்பியனா இருந்த கபாப்ளாங்கா வெள்ளைக் காய் ஆடி டார்டகோவர ஜெயிச்ச கேம வச்சே சொல்லுதேன்.

செலவு: ஸ்டாக்பிஷ்ங்க இன்ஜின் இலவசம். பலகை ஒரு தடவ வாங்கினா வருஷக்கணக்கா கெடக்கும்.

நேரம்: இன்ஜின்ல அஞ்சு நிமிஷம். பலகைல ஒரு சாயங்காலமே போயிரும்.

மனசுல நிக்கது: இங்கதான் விஷயமே. அந்த யானை எண்ட்கேம்ல (ராஜா, யானை, சிப்பாய் மட்டும் மிஞ்சுன கடைசிக் கட்டம்) 35வது மூவ்ல வெள்ளை ராஜா ஜி3 கட்டத்துக்கு கெளம்புதாரு, ரெண்டு சிப்பாய செக்கோட வெட்டுக் குடுத்துட்டு எச்4, ஜி5ன்னு நடந்து எஃப்6ல போய் உக்காந்துருதாரு, எஃப்5ல நிக்க கறுப்பு சிப்பாய வெட்டவே இல்ல, ஏன்னா பின்னாலருந்து செக் விழாம அதுதான் மறைப்பு. இன்ஜின் யாரு கை ஓங்கிருக்குன்னு நம்பர் காட்டும், ஏன்னு சொல்லாது. கையால நகத்தி 'நாமன்னா வெட்டிருப்போமே'ன்னு முழிச்சாத்தான் அது ஒறைக்கும்.

தப்பில்லாம பாக்க: இன்ஜின்தான், அதோட டேபிள்பேஸ் (கொஞ்ச காய் மிஞ்சுன நெலைக்கெல்லாம் முடிவ முன்கூட்டியே கணக்குப் போட்டு வச்ச தொகுப்பு) ராஜாவையும் சேத்து 7 காய் வரைக்கும் முடிவ பிசகாம சொல்லிரும்.

டோர்னமெண்ட் ஆடிட்டு வந்து எங்க கோட்ட விட்டோம்னு பாக்கவங்களுக்கு இன்ஜின். புதுசா எண்ட்கேம் படிக்க பிள்ளைக்கு பலகை, நெனச்சத நோட்டுல எழுதிட்டு அப்புறமா இன்ஜின்ல சரி பாக்கட்டும்.