தேர்தல் பேனர் அடிக்க சுங்கை சிப்புட்டில் ஒரு நம்பகமான அச்சகம்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பாசாரிலிருந்து (சந்தையிலிருந்து) நடந்தே போய்விடலாம். சின்னக் கடை. உள்ளே ஒரு பேனர் இயந்திரம், ஒரு பழைய ஆப்செட், சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். கடை நடத்தும் அம்மா தம் கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு சொன்னாலே தெரிந்துவிடும். கோயில் நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் இங்கே அடித்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, ஒழுங்காகச் செய்து தருகிறார்கள். நான் எழுத வந்தது தேர்தல் வேலையைப் பற்றி.

2022 பேராக் சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு நான் தேர்தல் முகவராக இருந்தேன். கட்சி எது என்பது இங்கே தேவையில்லை. தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தவன் என்பதால் கணக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. வேட்பாளர் மேடையில் பேசுவார், கை குலுக்குவார். செலவுக் கணக்கில் கையெழுத்துப் போட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் முகவர். 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் 100,000 ரிங்கிட்டுக்கு மேல் செலவழிக்கக் கூடாது. நாடாளுமன்றத்துக்கு 200,000. முடிவு அரசாங்க கெசட்டில் வெளியானதிலிருந்து 31 நாளுக்குள், ஜெயித்தவரும் தோற்றவரும் கணக்கை ஒப்படைத்தாக வேண்டும். அதற்கு ரசீது வேண்டும். "அண்ணே, அப்புறம் எழுதித் தர்றேன்" என்று சொல்லும் கடைகளை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை முடிக்கவே முடியாது.

இந்தக் கடையில் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் தனி பில்: அளவு, எண்ணிக்கை, எந்தத் தேதியில் யார் வந்து எடுத்தார்கள், எல்லாம் இருக்கும். ஆதரவாளர் ஒருவர் தம் சொந்தக் காசில் நூறு போஸ்டர் அடிக்கப் போனபோது, "கிராணி ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, அவர் கணக்குல வரணும்" என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டார். அன்பில் செய்தாலும் செலவு செலவுதான். முகவருக்குத் தெரியாமல் ஆளுக்கு ஒரு பக்கம் அடிக்க ஆரம்பித்தால் கடைசியில் மாட்டுவது வேட்பாளர்.

இன்னொரு விஷயம் முகவரி. தேர்தல் சம்பந்தமாக அடிக்கும் எந்தத் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், அதுவும் முகப்பிலேயே. எங்கள் குழுவில் ஒரு தம்பி, விலை குறைவு என்று ஈப்போவில் ஒரு கடையில் துண்டறிக்கை அடித்து வந்தான். பளபளவென்று இருந்தது. முகவரி மட்டும் பின்பக்க மூலையில். கேட்டதற்கு, "எங்க இருந்தா என்ன, இருக்குல்ல" என்று அந்தக் கடையில் சொன்னார்களாம். அந்தக் கட்டைப் பிரிக்காமல் என் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டோம். இந்த அம்மா அப்படி இல்லை. நாம் கொடுக்கும் டிசைனில் முகவரி வரி இல்லாவிட்டால் இயந்திரத்தில் ஏற்றவே மாட்டார். படம் அழகு கெடுகிறது என்று எங்கள் வேட்பாளரே ஒருமுறை முணுமுணுத்தார். "அழகு நாலு நாளைக்கு சார், கேஸ் வந்தா வருஷக்கணக்கு" என்றார் அம்மா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

தமிழ் எழுத்தைச் சொல்லாமல் விட முடியாது. பேனர் கடைகளில் தமிழ் படும் பாடு நமக்குத் தெரியும். ஒற்றைக் கொம்பு ஒரு வரியிலும் மீதி அடுத்த வரியிலும் கிடக்கும், புள்ளி பறந்து போயிருக்கும். இங்கே முதல் மாதிரியில் 'தொகுதி' என்பது கொம்பு பிரிந்துதான் வந்தது. பேனரை மேசையில் விரித்து, அம்மா விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். அந்த இடத்தில் நிறுத்தினார், எழுத்துருவை மாற்றினார், மறுபடி எடுத்துக் காட்டினார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் பாட்டி படிக்கப் போவது இந்தத் தமிழைத்தான். அதைப் பிழையோடு தொங்கவிட்டு, எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அன்னதான விவகாரத்தில்தான் அந்த அம்மாவின் மேல் எனக்கு மரியாதை கூடியது. பிரசாரம் நடக்கும்போது ஒரு தோட்டத்துக் கோயில் பூஜைக்கு எங்கள் ஆதரவாளர் ஒருவர் நோட்டீஸ் கொண்டுபோனார். கீழே 'அன்னதான உபயம்' என்று வேட்பாளர் பெயரும் படமும். அம்மா அதை அடிக்காமல் எனக்குப் போன் செய்தார். உணவும் பானமும் கொடுத்து வாக்காளரை வசப்படுத்துவது சட்டத்தில் ஊழல் குற்றம். நம் பக்கத்தில் கோயில் சோறு புண்ணியம், அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று வாதாடலாம். ஆனால் வாக்களிப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது வேட்பாளர் படத்தோடு அந்தச் சோறு வந்தால் எதிர்த்தரப்பு வேறு மாதிரிதான் சொல்லும். பெயரையும் படத்தையும் எடுத்துவிட்டோம். அன்னதானத்தைக் கோயில் கமிட்டியே நடத்தியது.

அப்புறம் பேனர் இறக்குவது. வேட்புமனு அன்று 5,000 ரிங்கிட் வைப்புத்தொகை கட்டுகிறோம். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது போய்விடும். அதோடு பிரசாரப் பொருள்களுக்கென்று சட்டமன்றத்துக்கு 3,000. வாக்களிப்பு முடிந்து 14 நாளுக்குள் தொங்கவிட்டதையெல்லாம் இறக்கிவிட்டால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். எங்கே எதைக் கட்டினோம் என்பது தெரியாமல் செம்பனைக் காட்டு ரோட்டில் மோட்டார் சைக்கிளில் அலைவார்கள் பையன்கள். இந்தக் கடையில் ஒவ்வொரு பேனரின் பின்னாலும் மார்க்கரில் ஓர் எண் எழுதி, எண்களுக்கு நேரே இடம் குறிக்கக் கட்டம் போட்ட தாளும் தருகிறார்கள். கட்டும்போதே எங்கள் பையன்கள் எழுதிவிட்டார்கள்: பால வளைவு, தோட்ட வாசல், பஸ் நிறுத்தம். நவம்பர் 19 வாக்களிப்பு முடிந்ததும் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, மழையிலும் ஒன்று விடாமல் இறக்கினார்கள். பணம் திரும்பி வந்தது.

கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த ஒரு பக்கம் மாட்டியிருக்கிறது. செலவு வரம்பைச் சொல்லும் தேர்தல் குற்றச் சட்டத்தின் 19ஆவது பிரிவு. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் கீழே இன்னும் இரண்டு வரி உண்டு: ஊராட்சித் தேர்தலுக்கு 10,000 ரிங்கிட், சிறிய உள்ளூர் மன்றத்துக்கு 3,000. அந்த வரிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தினார்கள். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர், செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைத்தார்கள். மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்கள் வேண்டும் என்றது அது. 1976இல் வந்த ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே வழியில்லாமல் செய்துவிட்டது. இன்றைக்குக் கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர். எங்கள் லயத்து வாய்க்கால், தெருவிளக்கு, குப்பை எல்லாம் அவர்கள் கையில். அவர்களில் ஒருவரையும் நான் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. 3,000 ரிங்கிட் செலவில் ஒரு தோட்டத்துப் பிள்ளை நின்று ஜெயிக்கக்கூடிய தேர்தல் அது. அது திரும்பி வர வேண்டும், என் காலத்திலேயே வர வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

குறைகளும் உண்டு. ஈப்போவைவிட சதுர அடிக்குச் சில காசு கூடுதல். ஒரே ஒரு பேனர் இயந்திரம்தான், அதனால் தாமதம். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 24, வேட்புமனு நவம்பர் 5. வாழ்த்து அட்டை வேலைகள் முடியும்வரை எங்கள் பேனர் வரிசையில் காத்திருந்தது. மஞ்சள் நிறம் திரையில் பார்ப்பதைவிட மங்கலாகத்தான் வருகிறது. நோட்டீஸ் மடித்துக் கொடுப்பதில்லை, நாமே ஆள் வைத்து மடிக்க வேண்டும்.

வேலை கொடுக்க நினைப்பவர்கள் தேர்தல் அறிவித்த உடனேயே போய் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் வாசகத்தை யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள், போட்டோ எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். வெளியிடுபவரின் முழு முகவரியையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். முகவர் நேரில் போவது நல்லது, மாதிரியில் அவர் கையெழுத்து இல்லாமல் அம்மா அடிக்கத் தொடங்க மாட்டார். பாதிப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.