புளூ டிரெயினா, ரோவோஸா, சாதாரண ரயிலா? தென்னாப்பிரிக்காவை ரயிலில் கடப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ரயிலில் போக வேண்டும் என்ற ஆசை நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு விசேஷத்தை ஒட்டித்தான் எழும். அம்மா அப்பாவின் ஐம்பதாவது திருமண நாளாக இருக்கும், அல்லது இந்தியாவிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருப்பார்கள். டர்பனிலும் ஜோஹானஸ்பர்க்கிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் சேர்க்கத் தயாராகிவிடுவார்கள். அப்புறம்தான் குழப்பம் தொடங்கும். இரண்டு சொகுசு ரயில்களின் விளம்பரங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன: பளபளக்கும் மேசை, வெள்ளை விரிப்பு, ஒயின் கோப்பை. எதை எடுப்பது என்று அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, சன்னலுக்கு வெளியே எதைப் பார்க்கலாம், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பிரிட்டோரியாவிலிருந்தோ ஜோஹானஸ்பர்க்கிலிருந்தோ கேப் டவுனுக்குப் போகும் எந்த ரயிலுக்கும் பெரும்பகுதி ஒரே தண்டவாளம்தான். பிரிட்டோரியாவிலிருந்து கணக்கிட்டால் சுமார் 1,600 கிலோமீட்டர். கேப்பிலிருந்து புறப்பட்ட பாதை வைரத்தைத் தேடி 1885இல் கிம்பர்லிக்கு வந்தது. தங்கத்தைத் தேடி 1892இல் ஜோஹானஸ்பர்க்கை எட்டியது. அந்த வரிசையைத் தலைகீழாகத்தான் நாம் பார்த்துக்கொண்டு போகிறோம். முதலில் சுரங்க மண்மேடுகளும் மக்காச்சோளக் காடுகளும். கிம்பர்லிக்குச் சற்று முன்னால் காம்ஃபர்ஸ் ஏரி. ஃபிளமிங்கோக்கள் இருக்கும் காலமானால் தண்ணீரே இளஞ்சிவப்பாகத் தெரியும். ஆரஞ்சு ஆற்றைக் கடந்து டி ஆர் சந்திப்புக்குப் பிறகு காரூ தொடங்குகிறது.

காரூவைச் சிலர் ஒன்றுமில்லாத இடம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இந்த நாட்டிலேயே மிகவும் பிடித்த நிலம் அதுதான். குட்டைப் புதர், மேசைபோல் தட்டையான உச்சிகொண்ட குன்றுகள், எங்கோ ஒரு காற்றாலை, அதனடியில் ஆடுகள். மணிக்கணக்கில் அதே காட்சி என்று தோன்றும். ஆனால் காலை ஏழு மணிக்குச் செம்மண்ணாகத் தெரிந்த குன்று பத்து மணிக்குச் சாம்பல் நிறமாகிவிடும். மாலையில் ஊதா. போஃபோர்ட் வெஸ்ட், லேங்ஸ்பர்க், மைக்கிஸ்ஃபொன்டெய்ன், டூஸ் ரிவர் என்று ஊர்கள் கடந்தபின் ஹெக்ஸ் நதிச் சுரங்கப்பாதை வருகிறது. 1989இல் திறந்த அதன் நீளம் 13.5 கிலோமீட்டர். உள்ளே போகும்போது வறண்ட பீடபூமி. மலையிறங்கி வரும்போது திராட்சைத் தோட்டங்களும் அவற்றைச் சுற்றி நிற்கும் மலைகளும். இந்த மாற்றத்தை இருட்டில் தவறவிட்டால் பயணத்தில் பாதி போச்சு. எந்த ரயிலானாலும், ஹெக்ஸ் பள்ளத்தாக்கைப் பகலில் கடக்கிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

சரி, இப்போது வண்டிகளுக்கு வருவோம்.

புளூ டிரெயின் அரசுக்குச் சொந்தமானது. 1923இல் தொடங்கிய யூனியன் லிமிடெட், யூனியன் எக்ஸ்பிரஸ் ரயில்களின் வாரிசு. போருக்குப் பிறகு, 1946இல், இந்தப் பெயர் வந்தது. ரோவோஸ் ரயில் தனியாருடையது. ரோஹன் வோஸ் என்பவர் 1989இல் தொடங்கினார்; பழைய பெட்டிகளைத் தேடிப் பிடித்து, மரவேலையோடு புதுப்பித்து ஓட்டுகிறார். பிரிட்டோரியாவுக்கு வடக்கே கேபிட்டல் பார்க்கில் அதற்கென்று தனி நிலையமே இருக்கிறது. இரண்டிலும் கட்டணம் ஒருவருக்குப் பல பத்தாயிரம் ராண்ட். சாப்பாடு, பெரும்பாலான பானங்கள், வழியில் இறங்கிப் பார்க்கும் இடங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. புரட்டாசி விரதத்தில் இருப்பவர்களும் எப்போதுமே சைவமாக இருப்பவர்களும் முட்டை, மீன் சேர்ப்பதில்லை என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வந்து நிற்கும் நாடு இது.

வித்தியாசம் சன்னலில் இருக்கிறது. புளூ டிரெயினில் சன்னலைத் திறக்க முடியாது. குளிர்சாதனம், சத்தமில்லாத ஓட்டம், பெட்டிக்கே வந்து கவனிக்கும் பட்லர், குளியல்தொட்டி உள்ள அறைகள், தொலைக்காட்சி. எஞ்சின் முன்னால் பொருத்திய கேமரா வழியே பாதையைத் திரையில் பார்க்கும் வசதியும் உண்டு. நல்ல ஹோட்டல் ஒன்று தண்டவாளத்தில் நகர்வதுபோல இருக்கும். ரோவோஸில் அறைச் சன்னலை இறக்கலாம். கடைசிப் பெட்டியின் பின்புறம் திறந்த பால்கனி. அங்கே நின்றால் தண்டவாளம் பின்னால் நீண்டுகொண்டே போவது தெரியும், புதர்களின் வாசனை மூக்கில் ஏறும், டீசல் எஞ்சின் இழுத்தால் அதன் நாற்றமும்தான். தொலைக்காட்சி கிடையாது, பொது இடங்களில் கைபேசியை எடுக்கக் கூடாது. வேகமும் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மைக்கிஸ்ஃபொன்டெய்னுக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் ரயிலை நிறுத்தி, விரும்புகிறவர்களை நடந்து வரச் சொல்கிறார்கள். காரூ மண்ணைக் காலால் மிதிக்கக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் ரோவோஸின் பக்கம் சாய்கிறேன். அந்த ஊரிலிருந்து சாலை வழியே வடக்கே போனால்தான் சதர்லாந்து, பெரிய தொலைநோக்கி இருக்கும் இடம். விண்மீன் பார்க்க அந்த வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வானம் இருட்டு. இரவு பால்கனிக்கு வாருங்கள், கம்பளி சுற்றிக்கொண்டு.

ஆனால் முழங்கால் வலி உள்ள, மூச்சிரைப்பு உள்ள பெற்றோருக்கு நான் புளூ டிரெயினைத்தான் சொல்வேன். தூசி வராது, குலுக்கல் குறைவு, உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரும். ரோவோஸின் மூன்று வகை அறைகளில் மிகச் சிறியதான புல்மேன் ஏழு சதுர மீட்டர்தான். பகலில் சோபா, இரவில் படுக்கை. வயதானவர்களுக்கு அது நெருக்கம். டீலக்ஸ் என்றால் பத்து, ராயல் என்றால் பதினாறு. படுக்கை எப்போதும் விரித்தே இருக்கும். பணத்தை எங்கே செலவழிப்பது என்று யோசித்தால், ராயல் வேண்டாம், டீலக்ஸ் போதும். குளியல்தொட்டியில் கிடந்து காரூவைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மட்டும் ராயலுக்குப் போகட்டும். இரண்டு ரயில்களிலும் இரவு உணவுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டியிருக்கும். துணிப்பெட்டியின் அடியில் கிடக்கும் பட்டுப்புடவைக்கு நல்ல வேளை.

நேரத்தைப் பற்றி இரண்டு நிறுவனங்களும் எச்சரிக்கின்றன, அதை நம்புங்கள். செம்புக் கம்பித் திருட்டாலும் சரக்கு ரயில் நெரிசலாலும் இந்தப் பாதையில் தாமதம் சகஜம். வந்து சேரும் அதே நாளில் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

மூன்றாவது, சாதாரண ரயில். ஷோஷோலோசா மெய்ல் என்ற பெயரில் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்குச் சுமார் 27 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. நால்வர் படுக்கும் அறை, இருவர் படுக்கும் கூபே, நடைவழியின் முனையில் பொதுக் குளியலறை. ரொட்டியும் பீன்ஸ் கறியும் கட்டிக்கொண்டு குடும்பமே ஏறலாம். அறையில் இடம் இருந்தால் பக்கத்து அறைக் குழந்தைகளும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். நடுவில் பிரீமியர் கிளாஸ் என்றொரு சற்று வசதியான ரயிலும் ஓடியது, இப்போது இல்லை. 2020இல் பெருந்தொற்றோடு நெடுந்தூர ரயில்கள் நின்றன. அதற்குப் பிறகு பழைய ஒழுங்குக்குத் திரும்பவே இல்லை. ஓடுகிறதா என்று பயணத்துக்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள், அதை நம்பி விடுமுறையை வகுக்காதீர்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். அதே காரூ, அதே ஹெக்ஸ் பள்ளத்தாக்கு, சில நூறு ராண்டுக்குக் கிடைத்தது. இன்று செவிலியராகவோ பஸ் ஓட்டுநராகவோ வேலை பார்க்கும் ஒருவர் தன் பிள்ளைகளுக்கு இந்த நாட்டை ரயில் சன்னலில் காட்ட வழியில்லை. சொகுசு ரயில்கள் ஓடும் தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் ஓட வேண்டும் என்று பொதுப் போக்குவரத்தை நிர்வகிப்பவர்களிடம் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

காரில் என்1 நெடுஞ்சாலை வழியே போவது நான்காவது வழி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், செலவும் குறைவு. ஓட்டுகிறவர் மட்டும் சாலையைத் தவிர எதையும் பார்க்க மாட்டார்.

இதுவரை எல்லோரும் கேட்கும் கேப் டவுன் பாதையைப் பற்றிச் சொன்னேன். நம் குடும்பங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வேறொரு பாதையை: ரோவோஸ் பிரிட்டோரியாவிலிருந்து டர்பனுக்கு ஓட்டும் பயணம். தூரம் பாதிகூட இல்லை. வழியில் நம்பிதி வனவிலங்குக் காப்பகத்துக்கும் போயர் போர் நடந்த ஸ்பியன்கோப் போர்க்களத்துக்கும் கூட்டிப்போகிறார்கள். விளம்பரத்தில் யானையும் காண்டாமிருகமும் முன்னால் நிற்கும். நமக்கோ அந்தப் பாதையின் ஒவ்வொரு நிலையமும் வீட்டுக் கதை.

1913 நவம்பரில் நேட்டாலின் இந்தியச் சுரங்கத் தொழிலாளர்கள் காந்தியின் சத்தியாகிரகத்தில் சேர்ந்து நியூகாசலிலிருந்து சார்ல்ஸ்டவுனுக்கு வந்து, வோல்க்ஸ்ரஸ்ட் வழியே டிரான்ஸ்வால் எல்லையை மீறி நடந்தார்கள். அந்த எல்லையைத்தான் ரயில் கடக்கிறது. அதே போராட்டத்தில் வோல்க்ஸ்ரஸ்டில் கைதாகி பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கிடந்து நோயோடு வெளியே வந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார், வயது பதினாறு. ஸ்பியன்கோப்பில் 1900 ஜனவரியில் காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்களைத் தூக்கிச் சுமந்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவர் ஏராளம். 1893 ஜூன் 7 இரவு காந்தி முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில். அப்போது தண்டவாளம் சார்ல்ஸ்டவுனோடு முடிந்தது. அங்கிருந்து அவர் குதிரை வண்டியில் போனார். ஜோஹானஸ்பர்க் வரை பாதை போட்டு முடித்தது 1895இல். நேட்டால் அரசு ரயில்வேயில் மண் வெட்டியும் தண்டவாளம் பராமரித்தும் உழைத்தவர்களில் 1860க்குப் பின் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நிறையப் பேர்.

வயதில் மூத்தவர்களுக்கு டர்பனிலிருந்து புளூம்ஃபொன்டெய்ன் வழியே கேப் டவுன் போன ஆரஞ்சு எக்ஸ்பிரஸும், இரவு முழுக்க ஓடி ஜோஹானஸ்பர்க் சேர்ந்த டிரான்ஸ் நேட்டாலும் ஞாபகம் இருக்கும். பெட்டிகள் பயணிகளின் தோல் நிறத்தின்படி பிரிந்திருந்த காலம் அது. ஆரஞ்சு எக்ஸ்பிரஸ் கடந்துபோன ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கவே 1986 வரை சட்டம் அனுமதிக்கவில்லை. அந்தக் காலத்தைப் பார்த்தவர்களைப் பேரப்பிள்ளைகளோடு ஒரே மேசையில் உட்காரவைத்து இந்தப் பாதையில் கூட்டிப்போவதற்கு ஈடாக எந்தக் குளியல்தொட்டியையும் நான் சொல்ல மாட்டேன். காட்சியிலும் குறை இல்லை. ஹைவெல்ட் புல்வெளி முடிந்து மஜூபா மலைப் பக்கம் பாதை வளைந்து இறங்கும்போது தூரத்தில் டிராகன்ஸ்பர்க் தெரிகிறது. அப்புறம் மிட்லாண்ட்ஸின் பச்சை, கடைசியில் கரும்பும் கடலும்.

டர்பன் பாதையை எடுப்பவர்கள் பிரிட்டோரியாவிலிருந்து டர்பன் திசையில் வாருங்கள். நிலம் இறங்கிக்கொண்டே வருவது அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். ஏறுவதற்கு முந்தைய நாள் பிரிட்டோரியாவின் மராபஸ்டாட் மாரியம்மன் கோவிலுக்குப் போய்வரலாம். ரயில் மாரிட்ஸ்பர்க்கில் நிற்குமா, எந்த நேரத்தில் கடக்கும் என்று பதிவு செய்யும்போது கேளுங்கள். நிற்காவிட்டால் டர்பனில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, சுமார் 80 கிலோமீட்டர் காரில் போய் அந்த நிலையத்தைப் பார்க்கலாம். கேப் டவுனுக்குத்தான் போவோம் என்பவர்கள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ போங்கள்: ஹெக்ஸ் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிகளின் இலை சிவந்திருக்கும், பகலில் வெயில் உறைக்காது. ஜூலை என்றால் மாட்ரூஸ்பெர்க் உச்சியில் பனி பார்க்கலாம். காரூ இரவுக்குத் தடித்த சால்வை வேண்டும்.