சிபாப் மெஷினோடு மூன்று வருடம்

குறட்டைக்காக டாக்டரிடம் போனேன் என்று சொன்னால் அது பொய். பகல் முழுக்கத் தூக்கம் சொக்கியது, சிக்னலில் பைக்கை நிறுத்தினால்கூடக் கண் செருகியது, அந்தப் பயத்தில்தான் போனேன். "நடுவுல மூச்சே விடமாட்டேங்கறீங்க" என்று வீட்டில் பலமுறை சொல்லியும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று வந்தது. குறைந்தது 10 விநாடி தடைபட்டால்தான் ஒரு தடவை என்று கணக்கு. 5-க்குள் இருந்தால் கவலையில்லை, 30-க்கு மேல் போனால் தீவிரம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிட, மூளை பதறி நம்மை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது, காலையில் அது எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தும் அடித்துப்போட்ட மாதிரி எழுந்தது இதனால்தான்.

இதற்குத்தான் சிபாப் மெஷின். அது செய்வது ஒரே வேலை, முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியாக லேசான அழுத்தத்தில் காற்றை உள்ளே அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வது. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியது. ஆனால் முதல் மாதம் படாத பாடு பட்டேன். கடையில் தலையில் கட்டிய முழுமுக மாஸ்க்கில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, பாதி ராத்திரியில் கழற்றி எறிந்துவிடுவேன். மூக்கை மட்டும் மூடுகிற மாஸ்க்குக்கு மாறிய பிறகுதான் பழகியது. மெஷினுக்கு எவ்வளவு பேரம் பேசினாலும் சரி, மாஸ்க்கைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அப்புறம், தேங்காய் எண்ணெய்! முகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மாஸ்க்கின் சிலிகான் வழுக்கிக் காற்று கசியும்; இப்போது முகம் கழுவிவிட்டுத்தான் படுக்கிறேன், மாஸ்க்கையும் தினமும் கழுவுகிறேன். மெஷினில் காற்றை ஈரமாக்கும் ஈரப்பதத் தொட்டியில் கேன் தண்ணீர் ஊற்றி அடியில் வெள்ளையாகப் படிந்தது, அதிலிருந்து டிஸ்டில்டு வாட்டர்தான். கரண்ட் போனால் மெஷின் நின்று திடுக்கென்று விழிப்பு வரும் என்பதால் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன், அப்போது ஈரப்பத ஹீட்டரை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்குகிறது.

இப்போது மெஷின் காட்டுவது மணிக்கு 3, 4 தடவைதான். சாயங்காலக் காபியை விட்டதும் தூக்கத்துக்கு உதவியது, ஆனால் காபியை மட்டும் விட்டிருந்தால் 38 குறைந்திருக்காது. சளி பிடித்து மூக்கடைத்தால் மட்டும் மாஸ்க் போட முடிவதில்லை. அந்த ராத்திரிகளில் ஒருக்களித்துப் படுப்பேன், மறுநாள் பைக்கைத் தொடமாட்டேன், பஸ்தான்.