சேப்பங்கிழங்கா, சேனையா, உருளையா: மொறுமொறு வறுவலுக்கு எது?

வத்தக்குழம்பு வைக்கிற நாளில் எங்கள் வீட்டில் முதல் கேள்வியே, தொட்டுக்கொள்ள எந்தக் கிழங்கை வறுப்பது என்பதுதான். மூன்றையும் வருடக்கணக்காக வறுத்துப் பார்த்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை: மொறுமொறுப்பில் சேப்பங்கிழங்கை அடித்துக்கொள்ள ஆளில்லை.

உருளைக்கிழங்கு சுலபம், சீக்கிரம் ஆகிவிடும், குழந்தைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அதில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அடுப்பிலிருந்து இறக்கும்போது முறுகலாக இருப்பது, எல்லோரும் இலையில் உட்காருவதற்குள் தொய்ந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்த உருளை இன்னும் மோசம். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதால், உள்ளே வேகும் முன்பே வெளியே கருகும்.

சேனை வேறு ரகம். மேலே மெல்லிய முறுகல், உள்ளே வெண்ணெய் மாதிரி மென்மை. நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். அரிப்புக்குக் காரணம் கிழங்கில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட். அதனால்தான் நம் வீடுகளில் புளித்தண்ணீரில் மஞ்சள், உப்பு போட்டு அரைவேக்காடு வேகவைக்கிறோம். பிறகு மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு அரைத்துத் தடவி, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டால் மீன் வறுவல் தோற்றுப்போகும். ருசியில் சேனைக்கே என் ஓட்டு. ஆனால் கடக் முடக் என்று கடிக்க வேண்டுமென்றால் இது போதாது.

சேப்பங்கிழங்கை நிறைய பேர் ஒதுக்குவது அந்த வழவழப்புக்குப் பயந்து. தவறு கிழங்கில் இல்லை, குக்கரில்தான். ஒரு விசில் கூடினாலும் களியாகிவிடும். திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள்; கத்தி நுனி லேசான எதிர்ப்போடு இறங்கினால் போதும், உடனே வடித்துவிடுங்கள். தோலை உரித்து, குறைந்தது ஒரு மணி நேரம் காற்றாட வைக்க வேண்டும். நான் காலையிலேயே வேகவைத்து மதியம்தான் தொடுவேன். தொட்டால் விரலில் ஒட்டாமல், மேல்பரப்பு காய்ந்து லேசாகச் சொரசொரப்பாக இருக்கும். அப்போது வட்டமாக நறுக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், பெருங்காயம், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் பிசிறி, கடைசியில் கால் கிலோவுக்கு இரண்டு ஸ்பூன் அரிசி மாவு தூவுங்கள். கடலை மாவு வேண்டாம், பஜ்ஜி வாசனை வந்துவிடும்.

தவாவா, வாணலியா? சேனைக்குத் தவா. சேப்பங்கிழங்குக்கு எண்ணெயில் பொரிப்பதுதான் சரி. எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கரண்டியால் உடனே கிளறாமல் ஒரு நிமிடம் பொறுங்கள், மாவு பிடித்துக்கொள்ளும். சலசலப்பு அடங்கி, நுரை குறைந்து, துண்டுகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகல என்று சத்தம் போடும் நேரத்தில் அரித்தெடுங்கள். கறிவேப்பிலையை அதே எண்ணெயில் பொரித்து மேலே போடுங்கள்.

மோர்க்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் இனி எனக்குச் சேப்பங்கிழங்குதான். ரசம் சாதத்துக்குச் சேனை. திடீரென்று ஆள் வந்துவிட்டால், அப்போது உருளை.