முட்டை நின்றால் முதலில் தொட வேண்டியது மருந்தையா, கோழியையா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத் தோட்டங்களில் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவர்களுக்கு, முட்டை நின்றுவிட்டால் மூன்று வழிகள். பொள்ளாச்சியிலோ சித்தூரிலோ கடையில் சொல்லி ஒரு பாட்டில் வாங்கி வந்து தண்ணீரில் கலப்பது ஒன்று. கோழியைப் பிடித்துக் கையால் சோதிப்பது இன்னொன்று. எச்சத்தையோ செத்த கோழியையோ மண்ணுத்தி, உடுமலை கால்நடைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோவது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்தபின் நான் கைப்பக்கம்தான் சாய்கிறேன்.

கடை பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டானிக் என்றால் பெரிய கெடுதல் இல்லை. ஆன்டிபயாடிக் என்றால்தான் சிக்கல். நோய்ப்பட்ட கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும். நலமாக இருப்பது நிறையக் குடிக்கும். வேண்டியதற்கு மருந்து சேராது, வேண்டாததற்குச் சேரும். சேர்ந்தது முட்டையிலும் வரும். எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்று கேட்டால் கடையில் பெரும்பாலும் பதில் கிடைக்காது. என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழிகளுக்குத் தருவதை அமெரிக்கா 2005இலேயே நிறுத்தியது. கொலிஸ்டின் என்ற இன்னொன்றை உணவுக்கான கால்நடைகளுக்குத் தர 2019இல் இந்தியா தடை விதித்தது. நோயில்லாமல், இறகு உதிர்ப்பதால் மட்டுமே முட்டையை நிறுத்திய கோழிக்கு இவற்றை ஊற்றினால் காசும் போகும், முட்டையும் கெடும்.

கைச் சோதனைக்கு நேரம், கோழி அடைந்தபின் வரும் இருட்டு. அப்போது அது துள்ளாது. தலை உங்கள் முழங்கைப் பக்கமும் வால் வெளியேயும் இருக்கும்படி இடது கையில் ஏந்தி, கால்களை விரல்களுக்கு இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். எச்சத் துவாரத்துக்கு இரண்டு பக்கமும் குச்சி முனைபோல இரண்டு இடுப்பெலும்பு முனைகள் தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே வெளியிலிருந்து குறுக்காக வைத்தால் எத்தனை விரல் அடங்குகிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி.

இரண்டு விரலோ மேலோ தாராளமாக அடங்கி, எலும்பு மெல்லியதாக வளைந்துகொடுத்து, துவாரம் அகலமாக ஈரமாக இருந்தால் அந்தக் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு விரல்கூடச் சரியாக அடங்காமல், எலும்பு விறைத்து, துவாரம் சுருங்கி உலர்ந்திருந்தால் நின்றுவிட்டது. முட்டையிடல் நின்ற சில நாட்களில் இந்த இடைவெளி சுருங்கத் தொடங்கும் என்பதால், நேற்று நின்ற கோழியிடம் இது ஏமாற்றும். ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பி.வி. 380 போன்ற கலப்பினத்துக்கும் சின்ன உடம்புக்காரியான தலச்சேரிக் கோழிக்கும் ஒரே அளவு பொருந்தாது. முட்டை வரும் காலத்தில் ஒவ்வொன்றின் அளவையும் குறித்து வைத்திருந்தால் பிற்பாடு குழப்பம் இருக்காது.

இடைவெளி அகலம், கொண்டை சிவப்பு, தீனியும் எடுக்கிறது, ஆனால் கூட்டில் முட்டை இல்லை என்றால் நோயைத் தேட வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். வேலி ஓரப் புதரில் இடலாம். கீரியோ காகமோ கொண்டுபோகலாம். கோழியே கொத்தித் தின்னலாம். மூன்று நாள் பகல் பன்னிரண்டு மணி வரை கூட்டைத் திறக்காதீர்கள். அலகில் காய்ந்த மஞ்சள் கரு ஒட்டியிருந்தால் தின்பவள் யார் என்பதும் தெரிந்துவிடும்.

இடைவெளி அகலம், ஆனால் வால் தாழ்ந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்று முக்குகிறது என்றால் முட்டை சிக்கியிருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் வயிறு மூழ்க 15 முதல் 20 நிமிடம் வைத்து, துவாரத்தில் தேங்காயெண்ணெய் தடவி, இருட்டான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. உள்ளே ஓடு உடைந்தால் சீழ் பிடிக்கும். ஒரு நாளுக்குள் வெளிவராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். வயிறு தண்ணீர்ப் பைபோலத் தளும்பினால் கரு வயிற்றுக்குள்ளேயே விழுந்து அழற்சியாகியிருக்கலாம். அதிலிருந்து தேறும் கோழி குறைவு.

இடைவெளி குறுகி, புது இறகு முளைத்து, நெஞ்சில் சதை இருந்தால் இறகு உதிர்வு. இரண்டு மூன்று மாதம் ஓய்வு, பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்குபோலப் புரதம் கூடிய தீனி, அவ்வளவுதான். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு ஈரலைக் கெடுக்கும். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் இதை மறந்துவிடாதீர்கள். கூட்டை விட்டு எழாமல் சிலிர்த்துக் கொத்த வந்தால் அடை. நாட்டுக்கோழி 12, 15 முட்டைக்குப் பின் அடைக்கு உட்காருவது அதன் இயல்பு.

கவனிக்க வேண்டியது கடைசி வகை: இடைவெளி குறுகி, நெஞ்செலும்பு கத்திமுனைபோலத் துருத்தி, கொண்டை வெளுத்திருப்பது. முதலில் இறக்கைக்கு அடியிலும் துவாரத்தைச் சுற்றியும் பேன், செள்ளு பாருங்கள். விடியற்காலையில் தீனி வைக்கும் முன் தீனிப்பையைத் தடவுங்கள். காலியாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் அடைப்பு, புளித்த வாடையோடு தளர்ந்திருந்தால் நொதிப்பு. இரண்டும் இல்லையென்றால் குடற்புழுவா, இரத்தக் கழிச்சலா என்று கை சொல்லாது. வைரஸால் உள்ளே கட்டி வரவைக்கும் மேரெக்ஸ், லியூகோசிஸ் என்ற இரண்டு நோய்களையும் அது பிரித்தறியாது. இங்கே ஆய்வுதான் வழி.

இரண்டு நாளுக்குள் இரண்டு மூன்று கோழிகள் சுணங்கினாலோ, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து கழுத்து திருகினாலோ விரலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. நாம் வெள்ளைக் கழிச்சல் என்பதும் மலையாளத்தில் கோழி வசந்தை என்பதும் ராணிக்கெட் நோயைத்தான். வந்தபின் மருந்து இல்லை, முன்கூட்டிய தடுப்பூசி மட்டுமே. முகம் வீங்கி, கொண்டை கருநீலமாகி, பல கோழிகள் திடீரென்று செத்தால் வீட்டில் அறுத்துப் பார்க்கவே கூடாது. ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் 2014இல் கண்ட பறவைக் காய்ச்சல் அப்படிப்பட்டது. வெறுங்கையால் தொடாமல் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

மற்றபடி ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது, எச்சம் என்றால் காலையில் விழுந்த ஈரமானதை ஐந்தாறு கோழிகளிடமிருந்து எடுத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். கூட்டைக் கழுவும் முன் எடுக்க வேண்டும். செத்த கோழி என்றால் இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, சுற்றிலும் ஐஸ் வைத்து, அன்றைக்கே சேருங்கள். ஃப்ரீசரில் வைத்தால் தசையும் ஈரலும் உறைந்து சிதைந்து, பார்ப்பவருக்கு ஒன்றும் புலப்படாது.