நகராட்சிக் கணக்கு: உள்தணிக்கையா, வெளித்தணிக்கையா?

வெளித்தணிக்கையாளர் பொதுவாக வருடத்துக்கு ஒருமுறை வருவார். மாதிரிக்குச் சில பில்களைப் புரட்டி, நிதிநிலை அறிக்கை சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நகராட்சிக்குக் கடன் கொடுப்பவர்கள் மதிப்பது அந்தக் கையெழுத்தைத்தான். ஆனால் மோசடியைத் துருவிப் பிடிப்பது அவருடைய முதல் வேலை அல்ல. பலருக்கு இது தெரிவதில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள டிக்சனைப் பாருங்கள். சுமார் 15,000 பேர் வாழும் ஊர். நிதிப் பொறுப்பில் இருந்த ரீட்டா கிரண்ட்வெல் 1990-ல் நகராட்சி பெயரில் ரகசிய வங்கிக் கணக்கு தொடங்கி, 2012-க்குள் 5.3 கோடி டாலருக்கு மேல் சுருட்டினார். வருடாந்திரத் தணிக்கையும் நடந்துகொண்டுதான் இருந்தது! அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த ஊழியர் வங்கி அறிக்கைகளைக் கேட்டு வாங்கியதில்தான் குட்டு உடைந்தது.

உள்தணிக்கையாளரின் பலம் இங்கேதான். அன்றாடம் அலுவலகத்தில் இருப்பதால், எந்த டெண்டர் யாருடைய உறவினருக்குப் போகிறது, எந்தக் கையெழுத்து வழக்கத்துக்கு மாறாக விழுகிறது என்பது அவர் காதுக்கு வரும். சரி, அவருக்குச் சம்பளம் தருவது யார்? யாரைத் தணிக்கை செய்கிறாரோ அவரே என்றால், அறிக்கை அலமாரியில் தூங்கும். அதனால் அவர் நிர்வாகத்துக்கு அல்ல, நகர்மன்றத்தின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் தணிக்கையாளரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒன்றைத்தான் வலுப்படுத்த முடியும் என்றால், நான் உள்தணிக்கையைத்தான் சொல்வேன். அதற்கு ஆள் போட வசதியில்லாத சிறிய ஊர், குறைந்தபட்சம் பணம் எடுப்பவரும் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.