தங்கப் பேழையும் மூன்று பழைய லென்ஸ்களும்: ஆறு வருட அனுபவம்

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்துக்கு ரயிலில் அரை மணி தூரத்தில் குடியிருப்பதால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது போய், தலைமைப் பீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மூவரசர் பேழையைப் படம் எடுத்துவிட்டு வருவேன். "அதே பெட்டியைத்தானே போன மாசமும் எடுத்தீங்க" என்பாள் மனைவி. அதே பெட்டிதான். ஆனால் லென்ஸ் வேறு.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூவரசர்களின் எலும்புகள் என்று நம்பப்படுபவை 1164-ல் மிலானிலிருந்து இங்கே வந்து சேர்ந்தன. அவற்றை வைக்க, வெர்டன் நகர நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லர் 1190 வாக்கில் தொடங்கி, பிறகு பலர் கைபட்டு 1220-களில் முடிந்தது இந்தப் பேழை. 220 சென்டிமீட்டர் நீளம், 153 உயரம், ஒரு குட்டித் தேவாலயம் மாதிரியான வடிவம், ஆயிரத்துக்கும் மேல் கற்கள். பக்கவாட்டில் கீழ் வரிசையில் தீர்க்கதரிசிகள், மேலே அப்போஸ்தலர்கள். உட்கார்ந்திருக்கும் அந்தத் தீர்க்கதரிசிகளின் முகமும் துணி மடிப்பும்தான் என்னை இழுப்பது, எலும்பு அல்ல.

இதைப் படம் எடுப்பது ஏன் சிரமம்? டிரைபாட் கூடாது, ஃபிளாஷ் கூடாது, நடுவில் தடித்த கண்ணாடி. ஆட்டோஃபோகஸ் வைத்துப் பார்த்தேன், கண்ணாடியில் தெரியும் ஜன்னலின் பிம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. சரி, கையாலேயே திருகுவோம் என்று சோனி ஏ7 மார்க் 2 கேமராவில் பழைய லென்ஸ்களை அடாப்டர் போட்டு மாட்ட ஆரம்பித்தேன். மூன்று வாங்கினேன், இன்று பையில் இருப்பது ஒன்று.

முதலில் சூப்பர் டகுமார் 50 மிமீ எஃப்/1.4. எஃப் எண் சின்னதாக ஆக லென்ஸின் துவாரம் (அபெர்ச்சர்) பெரிது, வெளிச்சம் அதிகம். உள்ளே வெளிச்சம் குறைவு, அதனால் எஃப்/1.4 வேண்டும் என்று எல்லோரையும் போல நானும் நினைத்தேன். தங்கத்தில் அந்தக் கணக்கு செல்லவில்லை. முழுசாகத் திறந்தால் மின்னும் விளிம்பைச் சுற்றியெல்லாம் மூடுபனி மாதிரி ஒரு ஒளிவட்டம், முகங்கள் வெண்ணெய் பூசியது போல ஆகிவிடும். துவாரத்தை எஃப்/4 வரைக்கும் சுருக்கினால்தான் உளி பட்ட கோடு கோடாகத் தெரிகிறது. எஃப்/4-ல் வைத்துத்தான் எடுக்கப்போகிறோம் என்றால் 1.4-க்கு எதற்குக் காசு? இன்னொன்று, இதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் உண்டு, வயசாக ஆக மஞ்சளடித்துவிடும். தங்கம் ஏற்கெனவே மஞ்சள், அதன் மேல் லென்ஸும் மஞ்சள் என்றால் வெள்ளியும் எனாமலும் எல்லாம் ஒரே சாயம். வெயிலில் வைத்தால் தெளியும் என்றார்கள். ஜெர்மனியில் குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது, ஊருக்குப் போனபோது மொட்டை மாடியில் அம்மா காயவைத்த வடகத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பத்து நாளில் பாதி தெளிந்தது, ஆனால் சூட்டில் கிரீஸ் இளகி துவாரத்தைச் சுருக்கும் அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்துவிட்டது. தோரியம் பற்றி அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

இதிலேயே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, ஆட்டோ/மேனுவல். என் அடாப்டர் பின்னாலிருக்கும் முள்ளை அழுத்தாது, அதனால் சுவிட்ச் ஆட்டோவில் இருந்தால் வளையத்தை எவ்வளவு திருகினாலும் லென்ஸ் முழுசாகத் திறந்தேதான் இருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு நகர்ந்ததைக் கவனிக்காமல் ஒரு மதியம் முழுக்க எஃப்/5.6 என்று நம்பி 1.4-ல் எடுத்திருக்கிறேன்.

அடுத்து ரஷ்ய ஜூபிட்டர்-9, 85 மிமீ எஃப்/2. பதினைந்து இதழ்கள், பின்னணி அழகாகக் கரையும், மனிதர்களை எடுக்க அருமை. பேராலயத்தில் உயரமான ஜன்னல் ஏதாவது ஒன்று எப்போதும் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான், படம் முழுக்க வெளிறிவிடும். ஒரு வருஷத்தில் விற்றுவிட்டேன்.

நிலைத்தது நிக்கோர் 105 மிமீ எஃப்/2.5. பக்கவாட்டு வெளிச்சத்தை மறைக்க முன்னால் இழுத்துவிடும் ஹூட் உடம்போடு சேர்ந்தே வருகிறது, திறந்தே எடுத்தாலும் விளிம்பு சுத்தம், வளையம் நிதானமாகத் திரும்புகிறது. ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் எஃப்/2.5-ல் தெளிவாக விழும் ஆழம் சுமார் 34 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை சாண். ஒரு தீர்க்கதரிசிக்குப் போதும், பேழையைக் கோணலாகப் பார்த்தால் போதாது.

ஃபோகஸ் ஆன விளிம்புகளில் திரையில் நிறக் கோடு போட்டுக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை நம்பாதீர்கள். தங்கத்தில் எல்லா விளிம்பும் பளபளப்பதால் ஃபோகஸ் ஆகாத இடத்திலும் கோடு விழும், மஞ்சள் நிறக் கோடு வைத்திருந்தால் தெரியவே தெரியாது. நான் அதை அணைத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி ஒரே ஒரு கண்ணிமையை மட்டும் பார்த்துத் திருகுகிறேன், அப்புறம் தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சை விட்டுவிட்டு, நாலைந்து தொடர்ந்து. நாம் லேசாக ஆடினாலே ஃபோகஸும் கூடவே நகர்கிறது, அதில் ஒன்றாவது தேறும். ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60, வெளிச்ச அளவை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்து, பிறகு திருத்த வசதியான ரா கோப்பாக. தங்கத்தில் சிவப்புதான் முதலில் வெடிக்கும், அதாவது அளவு மீறி விவரம் அழியும், வெடித்தால் திரும்பி வராது. பிம்பங்களைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் உலோகத்தின் மினுமினுப்பை அடக்காது, கண்ணாடிப் பிம்பத்தையும் சாய்வாக நின்றால்தான் வெட்டும், நேராக நின்றால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் போனதுதான் மிச்சம். அதைவிடக் கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவது மேல், உங்கள் பிம்பமாவது விழாது.

பெரிய அடி விழுந்தது ஒரு ஜனவரி 6-ல். மூவரசர் பெருவிழாவன்றுதான் பேழையின் முன்பலகையை எடுப்பார்கள், உள்ளே கம்பிக்குப் பின்னால் கிரீடம் வைத்த மூன்று மண்டையோடுகள் தெரியும். வரிசையில் நின்று, நகர்ந்து, கிடைத்த கொஞ்ச நேரத்தில் நாற்பது படம். கை நடுக்கத்தைக் கேமரா சரிசெய்ய லென்ஸ் எத்தனை மிமீ என்று அதற்குத் தெரிய வேண்டும், பழைய லென்ஸ் என்றால் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். முந்தின நாள் வைத்த 50 அப்படியே இருந்திருக்கிறது, மாட்டியிருந்தது 105. 1/30-ல் எடுத்தேன், வீட்டில் திறந்தால் நாற்பதும் நடுக்கம். எந்தப் படம் எந்த அபெர்ச்சர் என்ற குறிப்பும் கோப்பில் பதிவாகாது, எதைத் திருத்துவது என்றே புரியவில்லை. இப்போது லென்ஸ் மூடியின் உள்பக்கம் வெள்ளை மார்க்கரில் 105 என்று எழுதி வைத்திருக்கிறேன், கழற்றும்போது கண்ணில் பட்டுவிடும்.

நிக்கோருக்கும் குறை உண்டு. ஒரு மீட்டருக்குள் நெருங்காது, அதனால் ஊரிலேயே இருக்கும் ஷ்னுட்கன் அருங்காட்சியகத்தில் புனிதர்களின் எலும்பை வைப்பதற்காக மரத்தால் செய்த சிரித்த முகச் சிலைகளை முட்டி நின்று எடுக்க முடிவதில்லை. அங்கே மட்டும் எண்ணெய் கசியும் டகுமார்தான், எஃப்/4-ல், ரப்பர் ஹூட் போட்டு. அதனால்தான் அதை இன்னும் விற்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன், சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டி.